கரும்பலகை இருந்த அறைகள்

கம்போடியாவின் தலைநகர் நோம்பென் போனபோது துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். தப்புக் கணக்கு.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடமாகவே இருந்ததுதான். நீள வராந்தா, முற்றத்தில் ஈழத்தலரி மரங்கள். 1975இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் ஆட்சியைப் பிடித்த பிறகு இது எஸ்-21 என்ற ரகசியச் சிறையானது. 1979 ஜனவரி வரைக்கும் குறைந்தது 12,000 பேர் உள்ளே வந்தார்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் மிகச் சிலர்.

ஒரு கட்டடத்தின் வராந்தா முழுக்க முள்கம்பி வலை. கைதிகள் மாடியிலிருந்து குதித்துச் செத்துவிடக் கூடாதாம். வகுப்பறைக்குள் செங்கல் வைத்து எழுப்பிய தடுப்புகள். ஒன்றில் நுழைந்து கைகளை விரித்தேன், பாதிகூட விரியவில்லை.

அப்புறம் அந்த நாற்காலி. புகைப்படம் எடுக்க உட்கார வைத்தது. முதுகுப் பக்கம் ஓர் இரும்புத் தண்டு, தலை அசையாமல் பிடிக்க. அதில் எடுத்த முகங்கள்தான் பக்கத்து அறைகளில் வரிசையாக நிற்கின்றன. கைக்குழந்தையோடு ஒரு தாய். சட்டை இல்லாத ஒரு பையன். கொல்லப் போகிறவனுக்கு இவ்வளவு துல்லியமான பதிவு எதற்கு? எனக்கு அதுதான் பிடிபடவில்லை.

இங்கே கைதியாக இருந்த ஓவியர் வான் நாத் பிழைத்தது, கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் உருவப்படங்களை வரைந்ததால். பின்னாளில் அவர் வரைந்த சித்திரவதைக் காட்சிகளும் இங்கேயே மாட்டப்பட்டிருக்கின்றன. அந்த அறையில் மட்டும் ஒலிவழிகாட்டியைக் கழற்றிவிட்டேன்.

வெளியே வந்தபோது மூன்று மணி நேரம் ஓடியிருந்தது.