படுகளத்துக்குக் காலையிலேயே போங்கள்

திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்பவர்கள் பெரும்பாலும் தீமிதிக்கு, மாலையில் வந்து சேர்கிறார்கள். அதற்குள் துரியோதனன் வீழ்வதை அவனுடைய பெரிய மண்ணுருவத்தைச் சுற்றி நடித்துக் காட்டும் படுகளம் முடிந்து, அந்த உருவம் இருந்த இடத்தில் கலைந்த மண்தான் கிடக்கும். செஞ்சி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் முந்தின இரவே போய்விடுங்கள். அன்று பாரதப் போரின் கடைசி நாளை ஆடும் பதினெட்டாம் போர்த் தெருக்கூத்து, விடிய விடிய நடக்கும்.

வேஷம் கட்டும் இடத்தை முதலில் பாருங்கள். அரிதாரம் பூசி முடிக்கவே வெகுநேரம் ஆகும். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்தவை. கயிறு தளர்ந்தால் கிறுகி அடிக்கும்போது, அதாவது வேகமாகச் சுழன்று ஆடும்போது, கட்டை சரிந்துவிடும். அதனால் இறுக்கித்தான் கட்டுவார்கள். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகியதும் அரசன் துரியோதனனாக வெளியே வருவார் கூத்தர். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் எல்லாம் சேர்ந்து அவருக்குத் துணை நிற்கும்.

விடிந்ததும் அதே வேஷத்தோடு படுகளத்துக்கு வருவார். அங்கே அவரே மண்ணாகவும் மல்லாந்து கிடக்கிறார்! முப்பது, நாற்பது அடி நீளத்துக்குக்கூட அந்த உருவத்தைச் செய்வதுண்டு. மழை பெய்தால் முகமும் வண்ணமும் கரைந்துவிடும் என்பதால் கடைசி நேரம்வரை வேலை ஓடும். தொடையில் செந்நீர் மறைத்து வைத்திருப்பார்கள். மண்ணுடலைச் சுற்றி ஓடும் துரியோதனனை வீமன் துரத்துவான். தொடை பிளந்ததும் அந்தச் செந்நீரைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தலை முடிப்பாள். சில ஊர்களில் காந்தாரி ஒப்பாரியும் உண்டு. முன்வரிசையில் நெருக்கியடித்து நிற்காதீர்கள்; ஓட்டம் திடீரென்று உங்கள் பக்கம் திரும்பும்.

அடுத்த கணமே சனம் பாய்ந்து மண்ணை அள்ளும். நெற்குதிருக்கும் வயலுக்கும் நல்லது என்று மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். இரவெல்லாம் சபையை அதட்டிய அரசன் அரைமணிக்குள் பல வீடுகளுக்குப் பங்காகிப் போவான்.

கூத்தாட்டு அவைக்குழாத் தற்றே பெருஞ்செல்வம்
போக்கும் அதுவிளிந் தற்று.

பெருஞ்செல்வம் சேர்வது கூத்துக்குக் கூட்டம் சேர்வது போல, போவது அந்தக் கூட்டம் கலைவது போல என்று நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர் சொன்ன இந்தக் குறளுக்கு (332) இதைவிட நல்ல உரையை நாங்கள் கண்டதில்லை. கூட்டம் சேர ஓர் இரவு முழுக்க ஆகிறது. களம் ஒரேயடியாகக் காலியாகிறது.

தீமிதி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பல ஊர்களில் அதற்குப் பிறகுதான் தருமர் பட்டாபிஷேகம். எப்போது என்று கோயில் நோட்டீசில் பார்த்துவிட்டு ஊர் திரும்ப பஸ் பாருங்கள்.