மெக்டேவிட்டுக்குக் கப் இல்லை, சரி, அப்புறம்?

என் மனைவியின் தம்பியிடம் எந்த ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரரைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முட்டும். "அதெல்லாம் இருக்கட்டும் மாமா. கப் எத்தனை?"

கப் என்றால் ஸ்டான்லி கப், வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகை ஜெயிக்கும் அணிக்குக் கிடைக்கும் கோப்பை. கிருஷ்ணகிரி பக்கம் ஐஸ் ஹாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அவனுடைய அண்ணன், என் பெரிய மச்சான், கனடாவில் எட்மன்டனில் இருக்கிறார். போன புதிதில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஹாக்கி வீடியோவாகப் போட்டுத் தள்ளினார். மற்றவர்கள் குரூப்பை மியூட் செய்துவிட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். எட்மன்டன் ஆயிலர்ஸ் எங்கள் வீட்டு அணியாகிவிட்டது, அதன் நட்சத்திரம் கானர் மெக்டேவிட். நேரமும் தோதாக அமைந்தது. பிளே-ஆஃப் என்கிற, சீசன் முடிந்ததும் கப்புக்காக நடக்கும் நாக்-அவுட் சுற்றுகள் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை போகும், அதாவது நம் ஊர் மாங்காய் சீசன் முழுக்க. அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை. அவன் சந்தூரில் தன் தோப்பில், காய் பறிக்க ஆள் வந்து சேரும்வரை போனில் பார்ப்பான். நான் ஓசூரில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் பார்ப்பேன். சூளகிரி பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும், அந்த இடைவெளியில் எப்படியோ ஒரு கோல் விழுந்திருக்கும்.

2025 ஜூன் 18 காலையில் எட்மன்டன் ஃப்ளோரிடா பேந்தர்ஸிடம் 5-1 என்று தோற்றது. தொடர்ந்து இரண்டாவது வருடமாக அதே அணியிடம் ஃபைனலில் தோல்வி. சாம் ரைன்ஹார்ட் ஒருவரே நான்கு கோல் அடித்தார். நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. "பத்து சீசன் ஆடியும் உங்க மெக்டேவிட்டுக்கு ஒரு கப் இல்ல. இனிமே கிரெட்ஸ்கி கூட சேத்துப் பேசாதீங்க மாமா." பின்னணியில் யாரோ மாங்காய் க்ரேட் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிரெட்ஸ்கி என்றால் வெய்ன் கிரெட்ஸ்கி, ஹாக்கியின் ஆகப் பெரிய ஆட்டக்காரர் என்று பலரும் சொல்லும் எட்மன்டனின் பழைய நட்சத்திரம்.

இதற்கான பதில் வாய்ஸ் மெசேஜில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஹாக்கி ஆட்டம் 60 நிமிடம். கோல்கீப்பர் போக ஐந்து பேர் ஐஸில் நிற்பார்கள். முக்கால் நிமிடம் போல முழு வேகத்தில் ஓடிவிட்டு பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள், அடுத்த ஐந்து பேர் குதிப்பார்கள். கானர் மெக்டேவிட் மாதிரி உச்சத்தில் இருக்கிற ஃபார்வர்டுகூட ஒரு ஆட்டத்தில் ஏறக்குறைய 22 நிமிடம்தான் ஐஸில் இருப்பார். மீதி 38 நிமிடம் அவர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். அந்த 38 நிமிடத்தில் விழும் கோல்களையும் அவர் கணக்கில்தான் எழுதுகிறோம். இது எனக்கு எப்போதுமே விளங்கியதில்லை.

கிரிக்கெட்டில் நாம் இப்படிச் செய்வதில்லை. 2011 உலகக் கோப்பை ஃபைனலில் சச்சின் எடுத்தது 18 ரன். கம்பீர் 97, தோனி அவுட் ஆகாமல் 91. அன்றைக்கு அந்த இரண்டு பேரும் சீக்கிரம் அவுட் ஆகியிருந்தால் சச்சின் சின்ன ஆட்டக்காரர் ஆகியிருப்பாரா? மாப்பிள்ளையிடம் கேட்டால் "அது வேற" என்பான். எப்படி வேறு என்று இதுவரை சொன்னதில்லை.

சரி, ஹாக்கிக்கே வருவோம். மரியோ லெமியூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-89 சீசனில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸுக்கு ஆடி 199 பாயிண்ட் எடுத்தார். கோலும் அசிஸ்டும் (அடுத்தவர் கோலுக்கு வழிசெய்யும் பாஸ்) சேர்த்து ஒரே சீசனில் 199. கிரெட்ஸ்கியைத் தவிர யாரும் 200-ஐத் தொட்டதில்லை என்கிற விளையாட்டில் இது என்ன எண் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் கப் இல்லை, இரண்டாவது சுற்றிலேயே பிலடெல்ஃபியாவிடம் தோற்று வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து முதுகில் அறுவை சிகிச்சை, சீசனில் ஆடியதே 26 ஆட்டம். அந்த வருடம், 1991-ல், கப் கிடைத்தது. லெமியூ பிளே-ஆஃபில் 44 பாயிண்ட் எடுத்துச் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும் வாங்கினார். இரண்டுக்கும் நடுவில் மாறியது லெமியூ அல்ல. ஜரோமிர் யாகர் வந்திருந்தார், சீசன் முடியும் நேரத்தில் ரான் ஃபிரான்சிஸ் வந்து சேர்ந்தார், ப்ரையன் ட்ரோட்டியர் மாதிரி ஏற்கனவே கப் ஜெயித்த பழைய கைகள் இருந்தன. 1992-ல் மறுபடியும் கப். 199 எடுத்த மனிதனை விட 26 ஆட்டம் ஆடிய மனிதன் பெரியவன் என்று சொல்லத் தயாரா?

கிரெட்ஸ்கி கதை இன்னும் வேடிக்கை. எட்மன்டனில் 1984, 85, 87, 88 என்று நான்கு கப். 1988 ஆகஸ்டில் அவரை லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு விற்றார்கள், அப்போது வயது 27. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை 11 சீசன், ஒரு கப் கூட இல்லை. அதே நேரம் எட்மன்டன், அவர் இல்லாமலே, மார்க் மெஸ்ஸியர் தலைமையில் 1990-ல் கப் ஜெயித்தது. கப்பை மட்டும் எண்ணினால் மெஸ்ஸியர் 6, கெவின் லோ 6, கிரெட்ஸ்கி 4. லோ நல்ல டிஃபென்ஸ்மேன், சந்தேகமில்லை. ஆனால் அவரைக் கிரெட்ஸ்கிக்கு மேலே வைக்கும் ஒருவரை எட்மன்டனிலேயே கண்டுபிடிக்க முடியாது என்கிறார் பெரிய மச்சான்.

இன்னொன்று, பழைய கப்பும் புதிய கப்பும் ஒரே எடை அல்ல. அதிகக் கப் வைத்திருக்கும் ஆட்டக்காரர் மான்ட்ரியாலின் ஆன்ரி ரிஷார், மொத்தம் 11. முதல் ஐந்து சீசனில் ஐந்து கப், 1956 முதல் 60 வரை. அன்றைக்கு லீகில் மொத்தமே ஆறு அணி. நான்கு அணி பிளே-ஆஃபுக்குப் போகும், இரண்டு சுற்று, எட்டு ஆட்டம் ஜெயித்தால் கப். இன்றைக்கு 32 அணி, நான்கு சுற்று, ஒவ்வொன்றும் ஏழு ஆட்டத் தொடர், 16 வெற்றி வேண்டும். ரிஷாரை மட்டம் தட்டவில்லை. 1971 ஃபைனலின் ஏழாவது ஆட்டத்தில் சமன் செய்த கோலும் வெற்றி கோலும் அவருடையதுதான். ஆனால் அவர் 11, பிட்ஸ்பர்க்கின் சிட்னி கிராஸ்பி 3 என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் அந்த எண்கள் எதையும் சொல்லாது.

2005-க்குப் பிறகு சேலரி கேப் வேறு வந்துவிட்டது. எல்லா அணிக்கும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு. 2018-19-ல் அந்த வரம்பு 79.5 மில்லியன் டாலர், மெக்டேவிட் ஒருவர் மட்டுமே 12.5 மில்லியன். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அவருக்கே போய்விட்டால் மிச்சப் பணத்தில் இருபது பேரைப் பிடிக்க வேண்டும். அவர் எவ்வளவு நல்லவரோ அவ்வளவு மெலிந்துபோகிறது அவருடைய அணி! இது அவர் குற்றமா, மேனேஜர் குற்றமா என்பதற்கு தனிப் பதிவு போடலாம்.

பாட் மரூன் என்று ஒருவர் இருந்தார், ஆள் வாட்டசாட்டம், வேகம் சுமார். 2016-17-ல் எட்மன்டனில் மெக்டேவிட் பக்கத்தில் நின்று 27 கோல் அடித்தார். பிறகு 2019-ல் செயின்ட் லூயிஸோடு கப், 2020, 2021-ல் டாம்பா பேயோடு கப். தொடர்ந்து மூன்று வருடம்! மரூனே கூட இதை வைத்து மெக்டேவிட்டுக்கு மேலே போய் உட்கார மாட்டார்.

டாம்பா பேயைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் அந்த அணி சீசனில் 62 வெற்றி, அணிப் பட்டியலில் 128 பாயிண்ட். நிகிதா குச்செரோவ் கோல், அசிஸ்ட் கணக்கில் தனியாக 128 பாயிண்ட் எடுத்து லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். முதல் சுற்றில் கொலம்பஸிடம் நான்குக்கு நான்கும் தோல்வி. அன்றைக்கு எல்லோரும் என்ன சொன்னார்கள்? குச்செரோவுக்கும் ஸ்டாம்கோஸுக்கும் பெரிய ஆட்டத்தில் நெஞ்சுரம் இல்லை என்றார்கள். ஏறக்குறைய அதே ஆட்கள் அடுத்த இரண்டு வருடமும் கப்பைத் தூக்கினார்கள். நெஞ்சுரம் பதினேழு மாதத்தில் வாங்கி மாட்டிக்கொள்ளும் பொருளா?

இப்போது மார்செல் டியோன். இவரைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ரொம்ப ஆசை. 18 சீசன், 731 கோல், 1771 பாயிண்ட், கப் பூஜ்யம். பிளே-ஆஃபில் ஆடியதே மொத்தம் 49 ஆட்டம்தான். டெட்ராய்ட்டில் இருந்த நான்கு வருடமும் அணி பிளே-ஆஃபையே பார்க்கவில்லை. அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ், அந்தக் காலத்தில் ஹாக்கிக்கு அது ஒரு வனவாசம். 1979-80-ல் அவரும் கிரெட்ஸ்கியும் ஆளுக்கு 137 பாயிண்ட், டியோனுக்கு 53 கோல், கிரெட்ஸ்கிக்கு 51. கோல் அதிகம் என்பதால் அந்த சீசனில் அதிகப் பாயிண்ட் எடுத்தவருக்கான பட்டம் டியோனுக்குப் போனது. 1982-ல் அவருடைய கிங்ஸ் முதல் சுற்றில் கிரெட்ஸ்கியின் எட்மன்டனையே வீழ்த்தியது. அந்தத் தொடரில் ஒரு ஆட்டத்தில் 5-0 என்று பின்தங்கி 6-5 என்று ஜெயித்தார்கள். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிளே-ஆஃபில் டியோன் எடுத்தது 49 ஆட்டத்தில் 45 பாயிண்ட். சீசனில் அவர் ஆடிய ஆட்டத்தோடு ஒப்பிட்டால் நன்றாகவே குறைவு. இந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு மார்க் போடுகிறேன். கப் இல்லை என்பதற்காக அல்ல, இந்த 45-க்காக.

கோல்கீப்பர் மட்டும் 60 நிமிடமும் நிற்கிறாரே, அவரையாவது கப்பை வைத்து எடை போடலாம் என்று தோன்றும். டொமினிக் ஹாஷெக் அதையும் கெடுத்துவிட்டார். 1997, 1998 இரண்டு வருடமும் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர், 1998 நகானோ ஒலிம்பிக்கில் செக் குடியரசுக்குத் தங்கம். 1999-ல் சுமாரான பஃபலோ அணியைத் தோளில் சுமந்து ஃபைனல் வரை கொண்டுபோனார். டல்லஸ் மூன்றாவது ஓவர்டைமில் பிரெட் ஹல்லின் கோலில் ஜெயித்தது, அந்தக் கோல் செல்லுமா என்று பஃபலோவில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பிற்பாடு டெட்ராய்ட்டில் 2002-ல் ஒரு கப், 2008-ல் இன்னொன்று. அந்த இரண்டாவது கப்பில் ஃபைனலில் கோல்கீப்பராக நின்றது கிறிஸ் ஓஸ்குட், ஹாஷெக் பெஞ்சில். 1999-ன் ஹாஷெக்குக்குப் பூஜ்யம், 2008-ன் ஹாஷெக்குக்கு ஒன்று!

இதனால் பிளே-ஆஃபைக் கண்டுகொள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே இடம் குறுகிவிடும், நடுவர் விசில் குறைந்துவிடும், ஒரே எதிராளி ஏழு ஆட்டம் ஒட்டிக்கொண்டே இருப்பான். அங்கே ஒருவன் என்ன செய்தான் என்பதை நான் சீசனை விட இரண்டு மடங்கு மதிப்பேன். அவன் என்ன செய்தான் என்பதுதான் கேள்வி, அவனோடு இருந்த இருபது பேர் என்ன செய்தார்கள் என்பது அல்ல. அந்தக் கணக்கில் மெக்டேவிட் 2024-ல் 42 பாயிண்ட், அதில் 34 அசிஸ்ட். ஒரு பிளே-ஆஃபில் கிரெட்ஸ்கி வைத்திருந்த 31 அசிஸ்ட் சாதனையை உடைத்தார். தோற்ற அணியில் இருந்தும் கான் ஸ்மைத் விருது அவருக்கே, இப்படி நடந்தது அது ஆறாவது முறை. விருதை வாங்க அவர் வெளியே வரவே இல்லை.

மாப்பிள்ளை இதற்கும் பதில் வைத்திருந்தான். "அந்த ஃபைனல்ல ஆறாவது, ஏழாவது மேட்ச்சுல ஒரு பாயிண்ட் எடுத்தாரா?" இல்லை, எடுக்கவில்லை. ஆனால் ஆறாவது ஆட்டத்தை எட்மன்டன் 5-1 என்று ஜெயித்தது, அது அணியின் வெற்றி. ஏழாவதை 2-1 என்று தோற்றது, அது மெக்டேவிட்டின் தோல்வியாம்.

அவனே ஒரு காலத்தில் போச்சம்பள்ளி சுற்றுவட்டாரத்தில் பேர் சொல்லும் கபடி ரெய்டர். பொங்கல் போட்டிகளில் அவன் பாட வந்தால் எதிரணி கார்னரில் இருக்கிறவன் ஒரு அடி பின்னால் போவான். ஆனால் டிஃபென்ஸில் ஆள் இல்லாத அணி, அரையிறுதியைத் தாண்டினதே இல்லை. அவன் வீட்டுப் பரணில் சின்னச் சின்ன ஆறுதல் கோப்பைதான். இதை அவனிடம் சொன்னேன். "நான் சொல்றது புரொஃபஷனல் பிளேயரை மாமா" என்றான். அத்தோடு அந்த வாரம் பெங்களூரா மாங்காய் விலை கிலோவுக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டான்.

என் வரிசை இப்போதைக்கு கிரெட்ஸ்கி, இரண்டே கப் வைத்திருக்கும் பாபி ஓர், லெமியூ, கார்டி ஹோவ். ஐந்தாவது இடத்தில் கிராஸ்பி, ஆறாவதில் மெக்டேவிட். கிராஸ்பியை மேலே வைத்தது மூன்று கப்புக்காக என்று மாப்பிள்ளை குதிப்பான். இல்லை, 2025 வரை ஆடிய 20 சீசனும் ஆட்டத்துக்கு ஒரு பாயிண்டுக்குக் குறையாமல் எடுத்ததற்காக. மெக்டேவிட்டும் அத்தனை வருடம் இதே ஓட்டம் ஓடட்டும், கப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐந்தாவது இடம் அவருக்கு. ஹோவைத் தாண்ட விடுவேனா என்பதை அப்போது பார்க்கலாம்.