ஸ்காபரோ ரூஜ் ரிவர்: 1999 முதல் 2018 வரை

கனடாவின் ரொறொன்ரோவில், ஸ்காபரோ ரூஜ் ரிவர் என்று இருந்த ஒன்ராறியோ மாகாணத் தொகுதியிலிருந்து ஒரு தமிழர்கூட ஏன் மாகாணசபைக்குப் போகவில்லை என்று பேச்சு வந்தால், 'வாக்குப் பிரிஞ்சு போச்சு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கே வாக்களித்த எனக்கு அந்தப் பதில் போதாது.

1996இல் ஒன்ராறியோ அரசு மாகாணத் தொகுதிகளை 130இலிருந்து 103ஆகக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்து, மத்திய (கனடா நாடாளுமன்றத்) தொகுதிகளின் எல்லைகளையே எடுத்துக்கொண்டது. அப்படித்தான் 1999 தேர்தலுக்கு இந்த மாகாணத் தொகுதி வந்தது. மால்வேர்ன், மில்லிக்கன், வட அஜின்கோர்ட் ஆகிய பகுதிகள் எல்லாம் இதற்குள்தான் இருந்தன. முதலில் உறுப்பினராக இருந்தவர் அல்வின் கேர்ளிங், 2005 இடைத்தேர்தலிலிருந்து பாஸ் பால்கிசூன். இருவரும் லிபரல் கட்சி.

2011 மே மாதம் இதே பெயர்கொண்ட மத்திய தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் வென்றபோது எங்கள் சனத்துக்குப் பெரிய நம்பிக்கை. ஒக்டோபரில் மாகாணத் தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் நீதன் சண் இரண்டாவதாக வந்தார்.

பால்கிசூன் பதவி விலகியதால் 2016 செப்டம்பர் 1 இடைத்தேர்தல். லிபரலில் பிரகல் திரு, புதிய ஜனநாயகக் கட்சியில் மறுபடி நீதன் சண் (இருவரும் தமிழர்), கன்சர்வேட்டிவில் றேமன்ட் சோ. எங்கள் தெருவில் ஒரே வீட்டு முற்றத்தில் லிபரலின் சிவப்புப் பலகையும் புதிய ஜனநாயகக் கட்சியின் செம்மஞ்சள் பலகையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தகப்பன் ஒரு கட்சி, மகள் ஒரு கட்சி. பாலியல் கல்விப் பாடத்திட்டத்தைக் கைவிடுவோம் என்று கன்சர்வேட்டிவ் தலைவரின் பெயரில் கடிதமும் சுற்றியது. வாக்களிப்புக்குச் சில நாள் முன்னர் அந்தக் கடிதம் தவறு என்று அந்தத் தலைவரே சொன்னார்.

சோ வென்றார். மற்ற இருவரின் வாக்கையும் கூட்டினால் அவருடையதைவிட அதிகம்தான். ஆனால் அத்தனையும் தமிழர் வாக்கா? சோ அங்கே 20 வருடங்களுக்கு மேல் நகரசபையில் இருந்தவர். தெருவில் பனி அள்ளவில்லை என்றால் சனம் தேடிப்போன ஆள். அப்புறம், கட்சி பார்த்து வாக்களிக்கும் உரிமை தமிழருக்கும் உண்டுதானே.

அந்த நேரமே தொகுதியின் ஆயுள் எண்ணப்பட்டிருந்தது. மத்திய தொகுதி 2015இலேயே இல்லாமற்போய்விட்டது. 2018இல் மாகாணத் தொகுதியும் பிரிந்தது. ஸ்காபரோ வடக்கில் சோ வென்றார். கிழக்குப் பக்கம் சேர்ந்த ஸ்காபரோ ரூஜ் பார்க்கில் கன்சர்வேட்டிவின் விஜய் தணிகாசலம் வென்றார். எனக்கு அது பெரிய சந்தோசம். ஆனால் 2011, 2014, 2016 என்று மூன்று தடவையும் வீடு வீடாக ஏறி இறங்கிய நீதன் சண்ணைத் தோற்றவர் என்று மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வராது. சோ விட்டுப்போன நகரசபை இருக்கையை 2017 பெப்ரவரியில் வென்றது அவர்தான்.