2007இல் நிற்கும் ஊரில் இரண்டு மாதம்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை கைபேசியில் ஓர் இணைய விளையாட்டைத் தொடங்கினேன். இன்றைக்கு இரண்டு மாதமும் ஆறு நாட்களும் ஆகின்றன. காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, ஆலைக்குப் புறப்படுவதற்கு முன் கிடைக்கிற ஒரு மணித்தியாலம்தான் எனது விளையாட்டு நேரம். அப்போது ரொறன்ரோவில் முந்தின நாள் இரவு எட்டு மணி. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு இருப்பார். ஒவ்வொரு நாளும் என்ன செய்தேன் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். இதன் மூலமான ரூன்ஸ்கேப், 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் நடமாடி, மீன் பிடித்து, விறகு வெட்டி, சண்டையிட்டு, பண்டம் மாற்றி வாழ்கிற விளையாட்டு. ஆண்டுகள் போகப் போக அது மிகவும் மாறிவிட்டது. பழையதே வேண்டும் என்று கேட்டவர்கள் பெருகினார்கள். இதை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனத்திடம் 2007 ஓகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்று சேமிப்பில் இருந்தது. 2013இல் வைத்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கரை இலட்சம் வாக்குகள் விழுந்தன. அந்த ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி பழைய உலகம் மறுபடி திறந்தது. அதன் பிறகு புதிதாக எவ்வளவோ சேர்ந்திருக்கிறது. ஆனால் அடித்தளம் அந்த ஓகஸ்ட் மாதம்தான். கைபேசியில் விளையாடும் வசதி 2018இல் வந்தது. அது இல்லாவிட்டால் எனக்கு இது கிடைத்திருக்காது.

2007 ஓகஸ்டில் எனக்குப் பத்து வயது. நாங்கள் அப்போது புதுக்குடியிருப்பில் இருந்தோம். போரால், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டு ஒரு வருடமாகியிருந்தது. வீட்டில் மின்சாரம் இல்லை. ஒரு குப்பி விளக்கைச் சுற்றி மூன்று பேர் படித்தோம். அதே மாதத்தில், பதின்மூன்று வயதுப் பையனாக இருந்த அண்ணா, இந்த விளையாட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இதை அவர் தொலைபேசியில் சொன்னபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. “அந்த ஊரை நானும் பார்க்கலாமா அண்ணா?” என்று கேட்டேன். “அப்படியே இருக்கிறது, வா தங்கச்சி” என்றார். இதைவிட அழகான படங்களோடு எத்தனையோ விளையாட்டுகள் இருக்கின்றன. எனக்கு அந்த ஊர்தான் வேண்டியிருந்தது.

முதல் நாட்கள்

விளையாட்டு நம்மை நேராக ஊருக்குள் விடுவதில்லை. முதலில் ஒரு பயிற்சித் தீவு. ஒருவர் நெருப்பு மூட்டக் கற்றுத்தருகிறார், ஒருவர் ரொட்டி சுட, இன்னொருவர் செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வெண்கலக் குத்துவாள் அடிக்க. மற்றவர்களுக்கு அரை மணித்தியாலம் போதுமாம். எனக்கு இரண்டு காலைகள் பிடித்தன. விளையாட்டில் தமிழ் கிடையாது, வாசித்து விளங்கித்தான் நகர வேண்டும். டின்டர்பொக்ஸ் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். தீப்பெட்டி வருவதற்கு முன் சிக்கிமுக்கிக் கல்லும் பஞ்சும் வைத்திருந்த சின்னப் பெட்டி என்று தேடிக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டேன். கொப்பியின் பின்பக்கத்தில் இப்போது இப்படி நூற்றுப் பத்துச் சொற்கள் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் யாராயினும் இதைச் செய்யுங்கள். வேகம் குறைந்தாலும் பிறகு தடுமாற்றம் இராது.

தீவைக் கடந்தால் லம்பிரிட்ஜ் என்ற ஊர். கோட்டை, ஆறு, தேவாலயம், ஒரு பொதுக்கடை. கோட்டைச் சமையல்காரர் பிரபுவின் பிறந்தநாளுக்குக் கேக் சுட முட்டை, பால், மா கேட்கிறார். குவெஸ்ட் என்று இவர்கள் சொல்கிற பணிகளில் பலரும் முதலில் முடிப்பது இதுதான். முட்டையும் பாலும் எளிது. மாவில்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் முள்ளியவளையில் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மூட்டையைத் தொட்டியில் கொட்டிவிட்டால் மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது எனக்குப் பழகிய முறை. விளையாட்டில் இருப்பதோ காற்றாலை. பக்கத்து வயலில் கோதுமை பறித்து, ஏணி ஏறி மேல்தளத்துக்குப் போய், தொட்டியில் போட்டேன். கீழே ஓடி வந்து பார்த்தால் மாப்பெட்டி வெறுமையாக இருந்தது. மறுபடி ஏறினேன், மறுபடி இறங்கினேன். பத்து நிமிடம் கழித்துத்தான் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருப்பது கண்ணில் பட்டது. அதை இழுத்த பிறகுதான் கோதுமை கல்லுக்குள் விழுந்து அரைபடுகிறது. அதன் பிறகும் கையில் வெறும் பானை ஒன்று இல்லாவிட்டால் மாவை அள்ள முடியாது. ஒரு சின்னப் பணிக்குள் ஓர் ஆலையின் ஒழுங்கு முழுவதையும் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. கச்சான் காற்று வீசுகிற இந்த மாதங்களில் எங்கள் ஆலை வாசலில் உமி பறந்து கண்ணில் விழும்போதெல்லாம் அந்தக் காற்றாலை நினைவுக்கு வருகிறது.

இறால்

இரண்டாம் கிழமை எனக்குள் ஒரு பயம் வந்தது. வங்கி வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தால் பளபளக்கும் கவசம், தோளில் போர்வை, பக்கத்தில் விசித்திரமான பிராணிகள். பத்து, பதினைந்து வருடம் விளையாடியவர்கள். நான் வெண்கலக் கோடரியோடு நிற்கிறேன். இவ்வளவு பிந்தி வந்து என்ன கிடைக்கப்போகிறது என்று தோன்றியது. அண்ணா சின்ன வலை ஒன்றை எடுத்துக்கொண்டு இறால் பிடிக்கச் சொன்னார்.

லம்பிரிட்ஜின் தெற்கே சதுப்பு நிலக்கரையில் பிடித்தேன். பையில் 28 இடம். வலைக்கு ஒன்று போனால் மீதி 27 இறால். பை நிரம்பினால் கோட்டையின் உச்சித் தளத்தில் உள்ள வங்கிக்கு ஏற வேண்டும். பிறகு டிரெய்னர் என்ற கிராமத்துக்கு மாறினேன், அங்கே கரையும் வங்கியும் அருகருகே. புதியவர்கள் நேராக அங்கே போகலாம்.

அப்பா நந்திக்கடலில் வீச்சுவலை வீசுபவர். ஒரு நாள் கிணற்றடி மாமரத்தின் கீழ் நான் இருந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது, அந்த மரத்தடிதான் எனக்கு இடம்.

“இது என்ன வலை பிள்ளை?”

“இறால் வலை அப்பா.”

“ஈயம் எங்கே? அடியில் ஈயம் இல்லாமல் வலை எப்படித் தாழும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. விளையாட்டுக்குள் என் ஆள் குனிந்து வலையை நனைத்து எடுப்பதையும், ஒவ்வொரு தடவையும் ஒரேயொரு இறால் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் தண்ணீரில் குமிழி கிளம்பிய இடம் மறைந்து, சற்றுத் தள்ளி வேறிடத்தில் கிளம்பியது. இந்த விளையாட்டில் மீன் படுகிற இடம் நின்ற இடத்தில் நிற்காது, அடிக்கடி மாறும். அப்பா தலையை ஆட்டினார். “அது சரி. நின்ற இடத்தில் இறால் நிற்காது” என்றார். அன்றிலிருந்து கடலால் வந்து வலையைக் காயப்போட்டதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “இன்று எத்தனை?”

கணக்கு எழுதுகிறவளாதலால் எண்களையும் பார்த்தேன். ஒரு திறமையில் இரண்டாம் லெவலுக்கு 83 அனுபவப் புள்ளி வேண்டும். ஓர் இறாலுக்கு 10. பதினைந்தாம் லெவலுக்கு மொத்தம் 2,411. இறாலை மட்டும் பிடித்தால் 242 இறால். உச்சமான 99ஆம் லெவலுக்கு 1 கோடி 30 இலட்சத்து 34 ஆயிரத்து 431 புள்ளி. இதில் என்னை வியக்கவைத்தது வேறொன்று. 92ஆம் லெவலில் நிற்கிறவர் ஏறக்குறைய முடித்துவிட்டார் என்று நினைப்போம், ஆனால் அங்கேதான் சரிபாதி. மேலே போகப் போக ஒவ்வொரு படியும் அவ்வளவு நீளம். வங்கி வாசலில் போர்வையோடு நிற்கிறவரும் அந்த 83 புள்ளியை இப்படி ஒவ்வொரு இறாலாகத்தான் சேர்த்தார், அவருக்கு யாரும் பெரிய வலை கொடுக்கவில்லை. அன்றைக்கே என் பயம் போய்விட்டது.

வர்ரொக் போகும் வழி

நான்காம் கிழமை வர்ரொக் என்ற பெரிய நகரத்துக்குத் தனியாக நடந்தேன். நகரத்துக்குத் தெற்கே கற்கள் வட்டமாக நட்ட இடம் ஒன்று. அங்கே கறுப்பு அங்கி மந்திரவாதிகள் நிற்கிறார்கள், பலவீனமானவர்களைக் கண்டால் தாங்களாகவே தாக்குவார்கள். எனக்குத் தெரியாது. சில நொடிகளில் இறந்து லம்பிரிட்ஜில் எழுந்தேன். இறந்தால் மிகப் பெறுமதியான மூன்று பொருட்கள் நம்மிடம் தங்கும், மீதி விழுந்த இடத்தில் ஒரு கல்லறைக்குள் 15 நிமிடம் இருக்கும். அண்ணா வந்து மந்திரவாதிகளை ஒவ்வொருவராக வீழ்த்திக்கொண்டிருக்க, நான் ஓடிப்போய் என் வலையையும் கோடரியையும் எடுத்தேன். இன்னொரு வழி மேற்கே பார்பேரியன் கிராமத்தைச் சுற்றிப் போகிறது. தூரம் கூட என்றாலும் முதல் நாட்களில் அதுவே நல்லது.

வர்ரொக் சந்தையில் ஒருவர், காசைக் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்றார். முதலில் 100 கொடுத்தேன், உடனே 200 வந்தது. என்னிடம் இருந்த 4,000 காசையும் கொடுக்கப் போனேன். அண்ணா தடுத்தார். சின்னத் தொகையைத் திருப்பித் தந்து பெரிய தொகையோடு மறைவதுதான் அவர்களின் வேலை. எங்கள் ஒழுங்கையிலேயே சீட்டுக் கட்டிக் காசை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. அதை அறிந்த நானே கொடுக்கப் போனேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சிக்னலைப் பற்றியும் பலர் கேட்பார்கள். இந்த விளையாட்டு நேரத்தை 0.6 நொடித் துண்டுகளாக எண்ணுகிறது. ஒவ்வொரு செயலும் அந்தத் துண்டின் முடிவில்தான் நடக்கும். அதனால் கடல் கடந்து வருகிற சிறு தாமதம் மீன் பிடிக்கவோ விறகு வெட்டவோ தடையில்லை. விரைவான சண்டைகளுக்கு இங்கிருந்து நான் இன்னும் போகவில்லை.

ஆற்றங்கரை

இருபதாம் லெவலில் இறகு கட்டிய தூண்டிலால் ட்ரவுட் என்ற ஆற்று மீன் பிடிக்கலாம். இறகுக்காகக் கோழிப் பண்ணையில் நான்கு காலைகள் நின்றேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்பேரியன் கிராமத்து ஆற்றங்கரை வேறு. அண்ணாவின் மீன்பிடி லெவல் 91. அவருக்கு இந்த மீனால் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் தினமும் வந்து எனக்குப் பக்கத்தில் நின்று தூண்டில் போடுகிறார். இருவரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறோம், ஏனென்றால் அங்கே தமிழ் எழுத்து விழாது.

கைக்குழந்தையாக இங்கிருந்து போனவர். சமாதான காலத்தில், ஒன்பது வயதில், ஒருமுறை வந்து போனார். ஒரு காலை நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, “முறிகண்டியில் பஸ் நிற்கும், எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் கடலை வாங்குவோம். இப்போதும் நிற்கிறதா?” என்று கேட்டார். நிற்கிறது என்றேன். கடைகள் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். மணலில் வறுக்கிற வாசனை பஸ்ஸுக்குள் வருமே என்றார். பிறகு கோயிலடியில் எந்த மரம், வீதி எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் கிழமை நான் லம்பிரிட்ஜில் வழி கேட்டதைப் போலவே கேட்டார். அன்று என் பையில் ஏழு மீன்தான். கொப்பியில் அந்த நாளுக்கு நேரே அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்றைய நிலை: மீன்பிடி 31, சமையல் 29, விறகு 30, மிஞ்சிய இறகு 212. அடுத்த குறி நாற்பதாம் லெவல். அப்போது 30 காசு கொடுத்துப் படகேறிக் கரம்ஜா தீவில் சிங்க இறால் பிடிக்கலாம். சனிக்கிழமை விளையாட மாட்டேன் என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். மாங்குளம் வழியாகப் போகிற காலை பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போகிறேன், முறிகண்டியில் இறங்கி அவருக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

அப்பா வலையைக் காயப்போட்டுவிட்டு வந்து கேட்டார். ஐம்பத்து மூன்று என்றேன். தனக்கு இன்று அவ்வளவு படவில்லை என்றார்.