பெகு உளுந்து வயல்களின் வறட்சியைச் செயற்கைக்கோளில் பார்த்த அனுபவம்

பர்மாவில் பெகு பக்கம் நம்ம தமிழ் ஆட்கள் நெல் அறுத்த கையோடு உளுந்து போடுவார்கள். நவம்பர், டிசம்பரில் விதைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. இடையில் மழையை நம்ப முடியாது, மழைக்காலம் மண்ணில் விட்டுப்போன ஈரம்தான் மொத்தப் பயிருக்கும் தண்ணீர். அந்த ஈரம் எந்த வயலில் முதலில் தீர்கிறது என்று மாமாவின் வயல்களை வைத்துச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தேன்.

முதலில் மோடிஸ் படங்கள், அமெரிக்காவின் நாசா செயற்கைக்கோள்களில் உள்ள கருவி எடுப்பவை. 2000இலிருந்து இருப்பதால், இந்த வாரப் பசுமை முந்தைய ஆண்டுகளில் அதே வாரத்தின் மிகக் குறைவுக்கும் மிக அதிகத்துக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று நூற்றுக்குக் கணக்கிடலாம். சுமார் 35க்குக் கீழே போனால் வறட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். வட்டாரத்துக்கு இது போதும், வயலுக்குப் போதாது. படத்தின் ஒரு புள்ளியே பக்கத்துக்கு 250 மீட்டர், ஏறக்குறைய 15 ஏக்கர்; மாமா வயலும் பக்கத்து வயலும் வரப்பு மரமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அப்புறம் ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களுக்குப் போனேன். புள்ளி 10 மீட்டர், இரண்டு செயற்கைக்கோள் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு படம், இலவசம். மழைக்காலத்தில் மேகம் மறைக்கும், உளுந்து நிற்கும் மாதங்களில் அந்தத் தொல்லை குறைவு.

எல்லோரும் முதலில் சொல்லித்தருவது என்டிவிஐ, அதாவது பயிரின் பசுமையைக் காட்டும் குறியீடு. உளுந்துக்கு அது பிந்தித்தான் சொல்கிறது, ஏனென்றால் ஈரம் குறைந்த பிறகும் இலை கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்கும், மத்தியானம் துவளுவதும் படத்தில் வராது, செயற்கைக்கோள் கடப்பது காலை பத்தரை வாக்கில். கண்ணுக்குத் தெரியாத குற்றலை அகச்சிவப்புக் கதிரைச் சேர்த்துப் போடும் ஈரக் குறியீடு முந்திக்கொள்கிறது. அந்தக் கதிரை இலையில் உள்ள தண்ணீர் உறிஞ்சும், தண்ணீர் குறையக் குறைய அது அதிகமாகத் திரும்பி வரும். இதன் புள்ளி 20 மீட்டர், ஏக்கருக்குப் பத்துப் புள்ளி, தாராளம்.

ஈரக் குறியீடு இறங்கிய இரண்டு துண்டுகளுக்கு மாமாவோடு போனேன். ஒன்றில் மண்வெட்டியால் ஒரு சாண் வெட்டினால் மண் கையில் பொடியாக உதிர்ந்தது, பக்கத்து வயல் மண்ணோ உருண்டை பிடித்தது. இன்னொன்றில் ஈரம் நன்றாகவே இருந்தது. “இது தண்ணியில்லாம காய்ஞ்சது இல்ல தம்பி, இங்க நெல்லே லேட்டாத்தான் அறுத்தாங்க, உளுந்து சின்னதா இருக்கு” என்றார். வானத்திலிருந்து பார்த்தால் பிந்தி விதைத்ததும் காய்வதும் ஒரே மாதிரிதான். அதனால் ஒவ்வொரு வயலின் விதைப்புத் தேதியையும் கேட்டு எழுதி, ஒரே வாரத்தில் விதைத்த வயல்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். இந்த வேலைக்கு விதைப்புத் தேதிதான் உயிர், அது கையில் இல்லாமல் யாரும் வரைபடத்துக்குச் சிவப்பு அடிக்க வேண்டாம்.

ஓடையில் ஒரு முறை பாய்ச்சும் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது, பூக்கும் நேரம் வேறு. பம்புக்கான டீசலைப் பொடி மண் துண்டுக்கே செலவழிப்பது என்று மாமா முடிவு செய்தார்.