கீழ் வீட்டுச் சாவி

பழைய வீட்டைவிடப் புது வீட்டுக்குத்தான் பரிசோதனை அதிகம் தேவை என்பது என் கட்சி. கேட்பவர்கள் நம்புவதில்லை. பழைய வீடு தன் குறையைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். எங்கே ஒழுகியது என்பதைக் கூரையின் கறை சொல்லும், எந்த ஸ்விட்ச் சூடாகும் என்பது குடியிருந்தவர்களுக்குத் தெரியும். புது வீட்டில் ஒரு மழைக்காலம்கூட யாரும் வாழ்ந்ததில்லை. மூன்று குழாய்களை ஒரே நேரத்தில் திறந்தவர் இல்லை. கீசரும் ஏசியும் இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்து ஓடியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

பெங்களூரில் புது அடுக்குமாடி வீடுகளைச் சாவி கைமாறுவதற்கு முன்னால், வாங்குபவர் சார்பில் பார்த்துச் சொல்வது என் வேலை. சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம்தான் அதிகம் போகிறேன். கூப்பிடுகிறவர்களில் சேலம், கோவை, மதுரை என்று நம் ஊர்க்காரர்கள் நிறைய. அவர்கள் பெரும்பாலும் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். பத்திரிகை அடித்தாயிற்று, ஊரிலிருந்து சொந்தக்காரர்களுக்கு டிக்கெட் போட்டாயிற்று. அந்த நிலையில் நான் என்ன எழுதிக் கொடுத்தாலும், 'சரி, குடி வந்த பிறகு பண்ணித் தரச் சொல்லுவோம்' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். கடைசித் தவணை கையில் இருக்கும்வரை பில்டரின் ஆட்கள் ஓடி வருவார்கள். அதற்குப் பிறகு நாம்தான் அவர்கள் அலுவலகத்துக்கு அலைய வேண்டும்.

நாள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மவர்களுக்குத் தை மாதம் பிடிக்கும். பெங்களூரில் மழை வலுப்பது செப்டம்பர், அக்டோபரில். தையில் வீடு பார்ப்பவர் மாதக்கணக்கில் காய்ந்த சுவரைத்தான் பார்க்கிறார். அதனால் ஜன்னல்களுக்கு வெளியிலிருந்து ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்துப் பார்க்கிறேன். யூபிவிசி என்னும் கெட்டி பிளாஸ்டிக் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். அவை சிமெண்டால் அடைந்து கிடந்தால் சட்டத்தில் தேங்கும் தண்ணீர் அறைக்குள்தான் வரும்.

குளியலறைதான் நான் அதிக நேரம் செலவிடும் இடம். அங்கே தளத்தைத் தாழ்த்திப் போட்டு, குழாய்களைப் பதித்து, மேலே நிரப்பி டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். ஓதம் காக்கும் பூச்சு அடியில் சரியாக இல்லையென்றால் நம் வீட்டில் ஒன்றும் தெரியாது, கீழ் வீட்டுக் கூரையில்தான் தெரியும். எனவே வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். அதேபோல மேல் வீட்டில் தேக்கி நம் கூரையையும் பார்க்க வேண்டும்.

சர்ஜாபூர் ரோட்டில் ஒரு வீட்டுக்கு, வாங்கியவரின் அப்பாவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். சைட் இன்ஜினியர் தர்மபுரிப் பையன். “அண்ணா, கீழ் வீட்டுச் சாவி ஆபீஸ்ல இருக்கு, நாளைக்குப் பாக்கலாமே” என்று இழுத்தான். பெரியவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “நாளைக்கே பாப்போம் தம்பி. பாத்துட்டே கையெழுத்துப் போடுதோம்.” மறுநாள் சாவி வந்தது. கீழே குழாய் இறங்கும் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

மின்சாரத்தில் பலரும் நம்பி ஏமாறுவது, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை. அதை அழுத்தினால் 'டப்' என்று விழும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். ஒவ்வொரு பிளக் பாயிண்ட்டிலும் டெஸ்டரைச் செருகி எர்த் இருக்கிறதா, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது அலுப்பான வேலைதான். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் ஒரு பாயிண்ட்டைக்கூட விட மனசு வராது.

டைல்ஸில் கீறல், கதவில் பெயிண்ட் திட்டு இதெல்லாம் பட்டியலில் இருக்கட்டும், ஆனால் அவற்றுக்காகச் சண்டை போட்டுக் களைத்துப்போக வேண்டாம் என்பேன். தண்ணீர் வடியும் வாட்டமும் ஈரமும் எர்த்தும் முதலில்.

தெர்மல் கேமரா கொண்டுபோனால் வீட்டுக்காரர்களுக்கு ஒரு பிரமிப்பு. அது சுவரின் மேற்பரப்பில் உள்ள வெப்ப வித்தியாசத்தைக் காட்டுமே தவிரத் தண்ணீரைக் காட்டாது. ஈரமானியும் அப்படித்தான். புதுப் பூச்சில் கட்டுமானத் தண்ணீரே மிச்சம் இருக்கும், அதே சுவரின் வேறு பகுதியோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கான்கிரீட்டுக்குள் கம்பி எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நானும் பார்க்க முடியாது. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் வருவது சகஜம். தூணிலோ பீமிலோ குறுக்காக ஓடினால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைத்தான் கூப்பிட வேண்டும். இதை வெளிப்படையாகச் சொல்லாத பரிசோதகரையும், அறிக்கையோடு வாட்டர்ப்ரூஃபிங் விலைப்பட்டியலையும் நீட்டுகிறவரையும் தவிர்ப்பது நல்லது.

பணம் நெருக்கடி என்றால் பாதி வேலையை நீங்களே செய்யலாம். ஒரு வாளித் தண்ணீரைப் பால்கனியில் கொட்டி வாட்டம் பாருங்கள். நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள், அடியில் பொள்ளலாக இருந்தால் சத்தம் மாறும். ஊரில் தெரிந்த மேஸ்திரி இருந்தால் ரசமட்டத்தோடு கூட்டி வாருங்கள். கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தளப்பரப்பை, அளக்கும்போது பால்கனியும் வெளிச்சுவரும் கணக்கில் வராது, உள்தடுப்புச் சுவர்கள் வரும்.

எதைக் கண்டாலும் படத்தோடும் தேதியோடும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். 2016-ஆம் ஆண்டின் ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3)-இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், பில்டர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தெரிவித்ததற்குச் சான்று நம்மிடம் இருக்க வேண்டும். சைட்டில் வாயால் சொன்னதை அந்த இன்ஜினியர் வேலை மாறியதும் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

திருநெல்வேலிப் பெரியவர் கிரகப்பிரவேசத்தைத் தையின் கடைசி முகூர்த்தத்துக்கு மாற்றினார். குளியலறைத் தளத்தை உடைத்து மறுபடி பூசினார்கள். நான் திரும்பப் போய்த் தண்ணீர் தேக்கி, மறுநாள் கீழே பார்த்தேன். காய்ந்திருந்தது. அதன் பிறகுதான் அவர் மகன் கையெழுத்துப் போட்டார்.