ட்ரம் கோர்ல 21 வயசு லிமிட்டை ஏத்தணுமா? வேணாம்னு தான் நான் சொல்லுவேன்

ஆகஸ்ட்ல, ட்ரம் கோர் போட்டிகளை நடத்தற டிசிஐ அமைப்போட ஃபைனல்ஸ் முடிஞ்ச கையோட அமெரிக்க ட்ரம் கோர் ஆளுங்க மத்தியில இந்தப் பேச்சு கிளம்பிடும். 21ங்கற வயசு வரம்பை 23 ஆக்குங்க, 24 ஆக்குங்க, லிமிட்டே எதுக்குன்னு கேக்கறவங்களும் இருக்காங்க. நான் ரொம்ப வருஷமா இதை ஃபாலோ பண்றேன், இப்ப எங்க அக்கா பையனும் மெல்லோஃபோன்ங்கற பித்தளை வாத்தியம் வாசிச்சுட்டு ஆடிஷன் கேம்ப் கேம்ப்பா போயிட்டு இருக்கான். அதனால இந்தத் தடவை என் கருத்தை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

ட்ரம் கோர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பித்தளை வாத்தியம், ட்ரம்ஸ், கூடவே கொடியும் டம்மி ரைஃபிளும் சுழட்டற கலர் கார்டு, முக்கியமா இதுதான், கிளாரினெட் புல்லாங்குழல் எதுவும் கிடையாது. ஃபுட்பால் மைதானத்துல 150 பேருக்கு மேல நடந்துக்கிட்டே ஓடிக்கிட்டே பத்து நிமிஷத்துக்கு மேல வாசிப்பாங்க, அதுக்கு 100க்கு மார்க். 2014ல ப்ளூ டெவில்ஸ்ங்கற கோர் 99.65 வாங்கினதெல்லாம் பாத்தா இவங்க சின்னப் பசங்கன்னே நம்ப முடியாது. கோடை முழுக்க பஸ்ல ஊர் ஊரா போவாங்க, ஏதாவது ஸ்கூல் ஜிம் தரையில படுத்து எந்திரிச்சு, பகல் பூரா வெயில்ல ரிகர்சல், ராத்திரி ஷோ, முடிஞ்சதும் ட்ரக்ல சாமான் ஏத்திட்டு மறுபடி பஸ். கடைசியா இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துல ஃபைனல்ஸ்.

ரூல் சிம்பிள். ஜூன் 1 அன்னைக்கு உங்களுக்கு 22 ஆகியிருக்கக் கூடாது. கடைசி சீசன் ஆடறவங்களை ஏஜ் அவுட்னு சொல்வாங்க. இதுல ஒரு அநியாயம் இருக்கு, அதை நானும் ஒத்துக்கறேன். மே 30 பொறந்தவனுக்கு கதவு மூடிடுது, அதே வருஷம் ஜூன் 3 பொறந்தவன் இன்னொரு கோடை முழுசா ஆடறான். ஆனா கோட்டை எங்க போட்டாலும் அதுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் நிப்பான், 24ன்னு மாத்தினாலும் இதே மே 30 பையன் வேற வயசுல அழப்போறான்.

2020 சீசன் கொரோனாவால மொத்தமா கேன்சல் ஆச்சே, அப்ப ஏஜ் அவுட் ஆக வேண்டியவங்க நிலைமைதான் எனக்கு இன்னைக்கும் மனசைப் பிசையுது. சின்ன வயசுல இருந்து அந்தக் கடைசி கோடைக்குன்னு காத்திருந்த பசங்க. அந்த மாதிரி நேரத்துல ஸ்பெஷல் விலக்கு குடுக்கணும்னு கேட்டா நான் ரெண்டு கையையும் தூக்குவேன். ஆனா அதை வச்சு ரூலையே நிரந்தரமா மாத்தறது வேற விஷயம்.

ஏன்னா இடம் எண்ணி வச்ச மாதிரி தான் இருக்கு. எழுபதுகள்ல அமெரிக்கா முழுக்க நூத்துக்கணக்குல கோர் இருந்துச்சு, சர்ச், ஊர் மன்றம், அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ மாதிரி முன்னாள் படைவீரர் சங்கம்னு எல்லாரும் நடத்தினாங்க. இப்ப மேல் மட்டமான வேர்ல்டு கிளாஸ்ல 20 பக்கத்துல தான். 1934ல ஆரம்பிச்ச கேடட்ஸ்ங்கற கோரையே 2024ல மூடிட்டாங்க, அதோட அத்தனை சீட்டும் போச்சு. இந்த நிலைமையில ஒரு 24 வயசுக்காரர், மியூசிக் டிகிரி முடிச்சவர், ஏற்கனவே நாலு சீசன் ஆடினவர் ஆடிஷனுக்கு வந்து நின்னா 17 வயசுப் பொண்ணுக்கு அந்த சீட் எப்படிக் கிடைக்கும்? ஸ்டாஃப் மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஜெயிக்கணும்னு நினைக்கறவங்க நல்லா வாசிக்கறவரைத் தான் எடுப்பாங்க. இப்பவே டாப் கோர்ல நிறைய பேர் காலேஜ் பசங்க தான். லிமிட்டை ஏத்தினா மேல இருக்கறவங்க இன்னும் பழுத்த ஆளா வச்சுப்பாங்க, அங்க இடம் கிடைக்காதவங்க கீழ் மட்டமான ஓபன் கிளாஸுக்கு வருவாங்க, அங்க முதல் தடவையா ட்ரை பண்ற பசங்க வெளிய போவாங்க. தள்ளுற தள்ளு கடைசியா சின்னவங்க மேல தான் விழும்.

இன்னொண்ணு, இதைப் பத்தி யாரும் வெளிப்படையா பேசறதில்ல. ஒரே பஸ், ஒரே ஜிம் தரை, ஒரே சாப்பாட்டு லைன், ரெண்டு மாசத்துக்கு மேல. அதுல ஸ்கூல் படிக்கற மைனர் பசங்களும் இருக்காங்க. 2018ல ஒரு பெரிய கோரோட டைரக்டர் மேல வரிசையா பாலியல் புகார் வந்து அவர் பதவி விலகின பிறகு பாதுகாப்பு விதிகளை எவ்ளோ இறுக்க வேண்டி வந்துச்சுன்னு ட்ரம் கோர் உலகத்துல இருக்கற எல்லாருக்கும் தெரியும். 16க்கும் 21க்கும் நடுவுலயே இடைவெளி அதிகம், அதை 16க்கும் 24க்கும்னு இழுக்கறதுக்கு முன்னாடி ஒரு அப்பா அம்மாவா யோசிச்சுப் பாருங்க.

சரி, லேட்டா ஆரம்பிச்சவங்க என்ன பண்றதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி தான், காலேஜ்ல வந்து தான் சிலருக்கு ட்ரம் கோர்னு ஒண்ணு இருக்கறதே தெரியுது, அதுக்குள்ள ஒரு சீசனோ ரெண்டு சீசனோ தான் மிச்சம். ஆனா அவங்களுக்கு கதவு முழுசா மூடல. 1960கள்ல இருந்தே டிசிஏன்னு எல்லா வயசுக்குமான போட்டி சர்க்யூட் இருந்துச்சு, ரெடிங் பக்கனியர்ஸ், ஹாதோர்ன் கபயேரோஸ் மாதிரி பழைய கோர் எல்லாம் அங்க இருந்து தான், இப்ப அது டிசிஐக்குள்ளயே ஆல் ஏஜ் கிளாஸா வந்துடுச்சு. வீக்கெண்ட்ல ரிகர்சல், வேலைக்குப் போய்க்கிட்டே ஆடலாம், 50 வயசுக்காரரும் வாசிக்கலாம். அது ரெண்டாம் தரம்னு ஒரு பார்வை இருக்கு பாருங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்கல. அந்த கிளாஸுக்கு நல்ல நேரத்துல ஷோ குடுங்க, கேமரா குடுங்க, ஸ்பான்சர் புடிங்க, அப்புறம் பாருங்க யாரும் 21ஐப் பத்தி இவ்ளோ கத்த மாட்டாங்க.

உண்மையில பசங்களை வெளிய தள்றது வயசை விட காசு தான்னு நான் நினைக்கறேன். ஒரு சீசனுக்கு ஃபீஸ் மட்டுமே பல ஆயிரம் டாலர், அதுக்கு மேல குளிர்காலம் பூரா கேம்ப்புக்கு போக வர ஃபிளைட், ஷூ, க்ளவ்ஸ், கோடையில சம்பாதிக்க வேண்டிய சம்பளமும் போச்சு. 18 வயசுல செலக்ட் ஆகியும் பணம் இல்லாம விட்டுட்டு, மூணு வருஷம் வேலை பாத்து சேத்து வச்சு 21ல கடைசி சான்ஸா ஆடறவங்க இருக்காங்க. அவங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் குடுங்கன்னு கேக்கறதை விட 18லயே ஆட வைக்கற மாதிரி ஸ்காலர்ஷிப் குடுங்கன்னு தான் நான் கேப்பேன். ஒவ்வொரு கோரும் அந்த வருஷம் எத்தனை பேர் பணத்துக்காக சீட்டை விட்டாங்கன்னு வெளிப்படையா சொல்லட்டும். வயசு லிமிட் விவாதத்தை அந்த நம்பரைக் கையில வச்சுக்கிட்டு பண்ணலாம்.